அடிபட்ட பிறகும் கழனிக்குப் போகிறோம்: இழப்பீடு கேட்க முடியுமா?

உழவர் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. "வண்டி மோதி கால் உடைஞ்சுது. ஆறு மாசம் படுத்திருந்தேன். இப்ப கழனிக்குப் போறேன், வர்றேன். ஆனா முன்ன மாதிரி இல்ல. வேலைக்குப் போனா கேஸ் நிக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மை இல்லை. வேலைக்குப் போவதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. இழப்பீட்டுச் சட்டம் "நீ வேலை செய்கிறாயா, இல்லையா?" என்பதோடு நின்றுவிடுவதில்லை. "அடிபடும் முன் உன் உடம்பால் எவ்வளவு சம்பாதிக்க முடிந்தது, இப்போது எவ்வளவு முடிகிறது?" என்றுதான் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இழப்பு. அந்த இடைவெளியைக் காட்டத் தெரியாமல்தான் நம்மவர்கள் பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

திருவண்ணாமலை, வேங்கிக்கால் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விடியற்காலையில் கீரைக்கட்டும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு டி.வி.எஸ்.50-இல் உழவர் சந்தைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! வேலூர் சாலையில் பேருந்தும் லாரியும் ஓயாமல் ஓடுகின்றன. பௌர்ணமி கிரிவலம் வந்தால் வெளியூர் வண்டிகள் வேறு. சாலையில் அடிபடுவது நமக்குத் தொலைவான செய்தி இல்லை. ஆகவே விவரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

அடிபட்டவுடன் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் "ஏ.ஆர்." என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, எங்கே அடி என்பதெல்லாம் அதில்தான் முதன்முதலாகப் பதிவாகிறது. "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டால், பிறகு "லாரி மோதியது" என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். பேச முடிகிறவர் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். முடியாதவருக்குக் கூட இருப்பவர் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகலைக் கட்டாயம் வாங்குங்கள். அது இலவசம்.

இயற்கை வழியில் நம்பிக்கை உள்ள நம்மிடையே, எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எங்கே சிகிச்சை எடுப்பது என்பது அவரவர் முடிவு. ஆனால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்து, எக்ஸ்ரே எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு வைத்தியத்துக்கு நீதிமன்றம் கேட்கிற மாதிரியான ஆவணம் கிடைப்பது அரிது. எலும்பு எப்படி முறிந்தது, எப்படிக் கூடியது என்பதைச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும்.

எங்கே, எப்போது கேட்பது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். நம் பக்கத்து நீதிமன்றங்களில் இதை "எம்.சி.ஓ.பி. வழக்கு" என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கு உரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னைக்கு அரிசி கொண்டுபோகும் வழியில் செங்கல்பட்டில் அடிபட்டாலும் வழக்கைத் திருவண்ணாமலையில் நடத்தலாம்.

சட்டத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அதை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. அதையும் நம்பிச் சும்மா இருக்காதீர்கள். "உடம்பு தேறட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் ஆறு மாதம் போனதே தெரியாது.

பிரிவு 164 என்று ஒன்று உண்டு. அதில் யார்மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம், உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம் என்று நிலையான தொகை. பிரிவு 166-இல் எதிர் வண்டியின் தவறைக் காட்ட வேண்டும். ஆனால் உண்மையான இழப்பு முழுவதையும் கேட்கலாம். எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி கொடுங்காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம். மனுவைக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். தொகையை அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர். மனு நகர்கிறதா என்று வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கேட்கலாம். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாததால் மனு போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

"வேலைக்குத்தான் போகிறாரே!"

இனிதான் முக்கியமான இடம். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் உங்களிடம் கேட்பார்: "இப்போது விவசாயம் செய்கிறீர்களா?" நீங்கள் "செய்கிறேன்" என்பீர்கள். "அப்படியானால் வருமானம் குறையவில்லை" என்பார்.

இதற்குப் பயந்து சிலர், "கேஸ் முடியிற வரைக்கும் கழனிப் பக்கம் தலைகாட்டாதே" என்று யோசனை சொல்வார்கள். அது தப்பான யோசனை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது? சத்தியம் செய்துவிட்டு "ஒன்றுமே செய்வதில்லை" என்று சொல்லி, மறுபக்கம் நீங்கள் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் போட்டோவைக் காட்டினால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் நீதிமன்றம் நம்பாது. "வேலை செய்கிறேன். ஆனால் இதெல்லாம் முடியவில்லை. அதற்கு ஆள் வைக்கிறேன். இவ்வளவு செலவாகிறது" என்பதுதான் உண்மையான பதில். பலமான பதிலும் அதுதான்.

உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2010 அக்டோபரில் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இந்த வகை வழக்குகளுக்கு அடிப்படை. அதன்படி தீர்ப்பாயம் மூன்று படிகளில் பார்க்க வேண்டும். ஒன்று, இந்த ஊனத்தோடு அவரால் என்னென்ன செய்ய முடிகிறது, என்னென்ன முடியவில்லை? இரண்டு, விபத்துக்கு முன் அவருடைய தொழில் என்ன, வயது என்ன? மூன்று, அவரால் சம்பாதிக்கவே முடியாதா, பழைய தொழிலையே குறைந்த அளவில் செய்ய முடிகிறதா, அல்லது வேறு தொழிலுக்கு மாற வேண்டியிருக்கிறதா?

இடது கையை இழந்த ஓட்டுநரும் தச்சரும் ஏறக்குறைய முழு வருமானத்தையும் இழக்கிறார்கள். அதே கையை இழந்த அரசு எழுத்தர் சம்பளத்தை இழப்பதில்லை. ஊனத்தின் அளவு ஒன்றே, இழப்பு வேறு வேறு. ஆகவே சான்றிதழில் உள்ள சதவீதம் வேறு, வருமான இழப்புச் சதவீதம் வேறு. அந்த வழக்கிலேயே இடது காலுக்கு 45 சதவீத ஊனம் என்று சான்றிதழ் சொன்னது. முழு உடம்புக்கு அது 25 சதவீதம் என்றும், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்றும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

எண்ணிக்கை மேலே போவதும் உண்டு. 2014-இல் வந்த சையது சாதிக் வழக்கில் கர்நாடகத்தைச் சேர்ந்த இளம் காய்கறி வியாபாரி ஒரு காலை இழந்திருந்தார். ஒரு காலோடும் காய்கறி விற்கலாம் என்ற பார்வையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காய்கறி விற்பவர் உட்கார்ந்த இடத்தில் பிழைக்க முடியாது, சரக்கு எடுக்கவும் தூக்கவும் அலைய வேண்டும் என்று சொல்லி, இழப்பை 85 சதவீதமாக உயர்த்தியது. வருமானத்துக்குச் சீட்டு எதுவும் இல்லாதபோதும் மாதம் ரூ.6,500 என்று எடுத்துக்கொண்டது. தொழிலை உடம்போடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

"நிலம் அங்கேயேதான் இருக்கிறது!"

உழவர்களுக்கென்றே இன்னொரு வாதம் வைத்திருப்பார்கள். "நிலம் எங்கேயும் போகவில்லை, விளைச்சலும் வருகிறது, பிறகு என்ன இழப்பு?" 2003-இல் ஹரியானா மாநிலம் எதிர் ஜஸ்பீர் கவுர் வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். அது இறந்துபோன ஒருவரின் குடும்பம் போட்ட வழக்கு. நிலம் குடும்பத்திடமே இருப்பதால் நிலத்தின் வருமானம் முழுவதையும் இழப்பாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டி வரும் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். நாம் கேட்பது நிலம் தந்த வருமானத்தை அல்ல, நம் உடம்பு தந்த வருமானத்தை. இயற்கை உழவருக்கு இது இன்னும் கூடுதல். களைக்கொல்லி அடிக்கிறவர் ஒரு ஆளை விட்டு அரை நாளில் முடித்துவிடுவார். நாம் குனிந்து களை எடுக்க வேண்டும், இல்லையென்றால் கோனோவீடர் தள்ள வேண்டும். பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்க வேண்டும். ஜீவாமிர்தம் கலக்கிச் சுமக்க வேண்டும். மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும், தொழுவம் வார வேண்டும், மூடாக்குப் போட வேண்டும், அண்டை வெட்ட வேண்டும். முட்டி மடங்கவில்லை என்றால், குத்துக்கால் போட முடியவில்லை என்றால், இதில் பாதி வேலை கைவிட்டுப் போகிறது. மூட்டையில் வாங்கும் உரத்துக்குப் பதிலாக நம் உடம்பை இடுபொருளாகப் போட்டு விவசாயம் செய்கிறவர்கள் நாம். இதை மனுவிலும் முதல் விசாரணை வாக்குமூலத்திலும் ஒவ்வொரு வேலையாகப் பேர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "விவசாய வேலை செய்ய முடியவில்லை" என்று ஒரே வரியில் எழுதினால் பத்தாது.

கணக்கு எப்படிப் போகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். வயது 42. விபத்துக்கு முன் மாத வருமானம் ரூ.15,000. முன்பு தானே செய்த வேலைக்கு இப்போது மாதம் 6 ஆள், ஆளுக்கு ரூ.500 கூலி. மாதம் ரூ.3,000 கூடுதல் செலவு. அதாவது வருமானத்தில் 20 சதவீதம்.

2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தோடு ஒரு பங்கு சேர்க்க வேண்டும். 40 வயதுக்குக் கீழே 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். காயம்பட்டவருக்கும் இது உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொல்லப்பட்டது. ஆகவே 15,000-உடன் 25 சதவீதம் சேர்த்தால் ரூ.18,750. வருடத்துக்கு ரூ.2,25,000.

இதை வயதுக்கேற்ற பெருக்கியால் பெருக்க வேண்டும். 2009-இல் சரளா வர்மா தீர்ப்பு தந்த பட்டியலில் 36–40 வயதுக்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9. இவருக்கு 14. பெருக்கினால் ரூ.31,50,000. அதில் 20 சதவீதம் ரூ.6,30,000. இது வருமான இழப்பு மட்டும். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், உடனிருந்தவர் செலவு, போக்குவரத்து, சத்துணவு, வலி வேதனை, இனி வரப்போகும் சிகிச்சை எல்லாம் தனி.

இதே வழக்கில் தொழில் பாதிப்பைக் காட்டாமல் விட்டால், ஊனச் சதவீதம் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கிட்டு முடித்துவிடுவார்கள். சதவீதத்துக்கு ரூ.5,000 என்று வைத்துக்கொண்டாலும் 20 சதவீதத்துக்கு ரூ.1 லட்சம்தான். ஆறு லட்சத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்த 6 ஆள் கூலியை எழுதி வைத்தீர்களா இல்லையா என்பதில் இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் சாட்சி

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். இந்த விஷயத்தில் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

இயற்கை உழவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்தவர்களும், பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகச் சான்று பெற்றவர்களும் பண்ணைக் குறிப்பேடு எழுதுகிறோம். விதைத்த நாள், இடுபொருள், அறுவடை, விற்பனை எல்லாம் அதில் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். விபத்துக்கு முன்பே எழுதியது என்பதால், வழக்குக்காக எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் வேலை செய்தார்கள், சொந்த ஆளா, கூலி ஆளா, எவ்வளவு கொடுத்தோம் என்று.

இதோடு சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் நிலைய ரசீது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை போட்ட சீட்டு, பால் சங்கக் கணக்குப் புத்தகம், உழவர் சந்தை அட்டை, வங்கிக் கணக்கு, ஜிபே வரவு எல்லாமே சாட்சிதான். தூயமல்லி அரிசியை வீட்டு வீட்டுக்கு விற்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களை அழிக்காமல் வையுங்கள். கூலிக்கு வந்தவரும் சாட்சி சொல்லலாம்.

ஊனச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. சிகிச்சை செய்த மருத்துவர் சாட்சி சொல்வது நல்லது, அல்லது மாவட்ட மருத்துவக் குழுவுக்குத் தீர்ப்பாயம் அனுப்பும்போது போய்க் காட்ட வேண்டும். மருத்துவரிடம் "நான் கழனி வேலை செய்யிறவன், தரையில உக்கார முடியல, பாரம் தூக்க முடியல" என்று சொல்லி அதை எழுதி வாங்குங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பட்டா கணவர் பேரில் இருக்கும், கழனியில் நாள் முழுக்க நிற்பது நீங்களாக இருக்கும். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தொழில் கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். "விவசாயம்" என்று சொல்லுங்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் சொல்லியிருக்கிறது. வீட்டு வேலை, கழனி வேலை இரண்டையும் கணக்கில் கொண்டு வாருங்கள்.

எங்கே ஏமாறக் கூடாது

வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் தரும் சமரசத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது. லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. சமரசம் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

தானே சறுக்கி விழுந்தவருக்கு எதிர் வண்டி இல்லாததால் இந்த வழியில் இழப்பீடு கேட்க முடியாது. அவருக்கு உதவுவது, வண்டிக் காப்பீட்டோடு எடுக்கும் ரூ.15 லட்சம் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு. வங்கியில் வருடம் ரூ.20 பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒரு கை அல்லது ஒரு கால் போனால் ரூ.1 லட்சம், இறந்தால் ரூ.2 லட்சம். சிறு, குறு உழவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து உதவி கேட்க வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.

நம்மிடம் கூலிக்கு வருகிறவர்களையும் நினைக்க வேண்டும். டிராக்டர் போன்ற எந்திரங்களோடு பண்ணை வேலை செய்கிறவர் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருவது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. நடவுக்கு ஆட்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம். கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும், சுமை உரிமையாளர் தலையில் விழும். அடிபட்ட ஏழையோ நடுவில் நிற்பார். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

ஒவ்வொரு ஊர்க் குழுவும் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி மூன்றைச் சரிபாருங்கள்: வண்டிக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது, அந்த 20 ரூபாய் வங்கியில் பிடித்திருக்கிறார்களா, பண்ணைக் குறிப்பேட்டில் ஆள் கூலிப் பத்தி இருக்கிறதா? அடிபட்டவர் ஒருவர் ஊரில் ஏற்கெனவே இருந்தால், முதலில் அவருடைய விபத்துத் தேதியைக் கேட்டு, ஆறு மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.